08 என்று தொடங்கும் எண்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தபோது, ஊழியர் பட்டியலைப் படித்துப் பிரிக்க சி மொழியில் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். வரிக்கு ஒருவர்: பெயர், காற்புள்ளி, அப்புறம் கோடுகளோடு ஐசி (அடையாள அட்டை) நம்பர். நிரல் மொத்தமே எண்பது வரிதான். சி நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசியில் எல்லா எச்சரிக்கைகளையும் கேட்டுக் கம்பைல் செய்தேன், ஒன்றுகூட வரவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் 15 பேரிடம் விவரம் வாங்கிச் சோதித்தேன். எல்லாம் சரி. அன்று மாலையே நிரலைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் அச்சடித்த தாளோடு வந்தார். “தம்பி, இது என் ஐசி இல்லையே. கடைசி நாலு நம்பர் பட்டியல்ல எனக்கு மேல இருக்கிறவரோடது.” பார்த்தேன், உண்மைதான். நடுவில் 08 இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 0 நின்றது.

அக்கா தைப்பிங்கில் பிறந்தவர். நம் ஐசியில் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலம். பினாங்குக்கு 07, பேராவுக்கு 08, பெர்லிஸுக்கு 09, சிலாங்கூருக்கு 10. பட்டியல் முழுவதையும் அலசினேன். கெட்டுப்போன வரிகளில் பெரும்பாலானவை பேராக்காரர்களுடையவை, இரண்டு மட்டும் பெர்லிஸ்.

எண்களைப் பிரிக்க, எழுத்துச் சரத்திலிருந்து மதிப்புகளைப் படிக்கும் எஸ்ஸ்கேன்எஃப் என்ற சி செயற்கூற்றில் நான் '%டி' போடாமல் '%ஐ' போட்டிருந்தேன். இரண்டும் முழு எண்ணைத்தான் படிக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் '%ஐ' முதலில் 0 வந்தால் அதை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். 07 என்பது அங்கேயும் ஏழுதான், பினாங்குக்காரர்கள் தப்பித்தார்கள். 08இல் 0ஐ மட்டும் படித்துவிட்டு 8ஐக் கண்டதும் நின்றுவிடும். அடுத்து அது எதிர்பார்ப்பது ஒரு கோடு, கிடைப்பது 8. அதோடு வேலையை நிறுத்தி, நான்கில் மூன்றைத்தான் படித்தேன் என்று எண்ணிக்கையைத் திருப்பித் தரும். அந்த எண்ணிக்கையை நான் பார்க்கவே இல்லை. படித்த மதிப்புகளை வைக்கும் மாறிகளை, வரிவரியாகப் படிக்கும் சுழலுக்கு வெளியே அறிவித்திருந்ததால், முந்தைய ஆளின் கடைசி நான்கு இலக்கம் அப்படியே தங்கி, அக்காவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

என்னை அதிகம் பயமுறுத்தியது இதைவிட அமைதியான இன்னொரு பிழை. 2005இல் பிறந்த பயிற்சி ஊழியர் ஒருவரின் ஐசி 050317 என்று தொடங்குவதாக வைத்துப் பார்த்தேன். எட்டடிமானத்தில் இது முழுக்கச் செல்லுபடியாகும், ஆனால் மதிப்பு 50317 அல்ல, 20687. எண்ணிக்கையும் சரியாகவே திரும்பி வரும். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரும் வாய் திறக்கவில்லை. திறக்கக் காரணமும் இல்லை, நினைவகத்தில் ஒரு தவறும் நடக்கவில்லையே.

பெயரிலும் ஓட்டை இருந்தது. 31 எழுத்துக்கு மேல் படிக்காதே என்று வரம்பு வைத்திருந்தேன். நம் ஆட்களில் சிலருக்கு ஏ/எல் (இன்னாரின் மகன் என்ற குறி), அப்பா பெயர் எல்லாம் சேர்த்தால் அது போதாது. வரம்பில் நின்றதும் காற்புள்ளியைத் தேடும், எழுத்துதான் இருக்கும். மறுபடி அதே கதை: அவர் பெயருக்குப் பக்கத்தில் முந்தையவரின் ஐசி.

திருத்துவது கடினமில்லை. வரியை முழுதாகப் படித்து, காற்புள்ளியில் வெட்டி, ஐசியை எண்ணாக மாற்றாமல் எழுத்துச் சரமாகவே வைத்தேன். கோடுகள் போக 12 இலக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. இல்லையென்றால் வரி எண்ணைச் சொல்லி நின்றுவிடுகிறது. ஐசியை யாரும் கூட்டுவதுமில்லை, கழிப்பதுமில்லை. அதை எண் என்று நான் எடுத்துக்கொண்டதுதான் முதல் தவறு.

என் 15 பேரில் ஒருவர்கூட பேராவில் பிறந்தவர் இல்லை. வேலைக்காக ஈப்போ, தைப்பிங், கங்கார் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் நிறைந்த தொழிற்சாலையில், நான் எழுந்து நான்கு மேசை தள்ளி நடந்திருந்தால் போதும்.

சோதனைக் கோப்பில் இப்போது உண்மையான எவருடைய எண்ணும் கிடையாது. 01 முதல் 16 வரை மாநிலத்துக்கு ஒன்றாகக் கற்பனை வரிகள், 00இல் தொடங்கும் பிறந்த ஆண்டு, 40 எழுத்துப் பெயர், ஒரு வெற்று வரி, கடைசியில் புதுவரிக் குறி இல்லாத ஒரு வரி. முதல் வரியாக 08.