கீரிமலையில் அப்பாவுக்கு ஒரு கை எள்ளுத் தண்ணி

கொழும்பு வெள்ளவத்தையில் ஏறிய இரவு பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெடியன் விடிய விடியக் கைபேசியில் காஸாச் செய்தி பார்த்துக்கொண்டு வந்தான். மாவுக்கு வரிசையில் நிற்கும் சனம், தட்டேந்திய பிள்ளைகள். அதற்கு முதல் மாதம் ஈரானும் இஸ்ரேலும் பன்னிரண்டு நாள் அடிபட்டபோது, எங்கள் கந்தோரில் ஏவுகணைகளைக் கிரிக்கெட் ஓட்டம் மாதிரி எண்ணினார்கள். நானும் எண்ணினேன், பொய் சொல்லக் கூடாது.

2025 ஜூலை 24, ஆடி அமாவாசை. அப்பா இல்லாதவர்கள் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குப் போகிற நாள். தாய்க்குச் சித்திரைப் பௌர்ணமி, தகப்பனுக்கு ஆடி அமாவாசை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாவிட்டபுரம் கந்தனும் அன்று தீர்த்தமாட அங்கேதான் வருவார்.

விடியவே கடற்கரையில் சனம் நெரிந்தது. தர்ப்பை, எள்ளு, வாழையிலையோடு ஐயர்மார் வரிசையாக இருந்தார்கள். என் முறை வந்ததும் ஐயா கேட்டார்: “தகப்பன்ர பேர்? கோத்திரம்?”

பேரைச் சொன்னேன். கோத்திரம் தெரியாது என்றேன்.

“பரவாயில்லை, சிவகோத்திரம் எண்டு சொல்லுவம். ஊர்?”

வாயில் வெள்ளவத்தை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு “வசாவிளான்” என்றேன். ஐயா ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கேணிக்குள் இறங்கினேன். ஒரு சுவருக்கு அங்கால் உப்புக் கடல். இங்கால் நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. உள்நாட்டில் பெய்த மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கிக் கடலோரத்தில் ஊற்றாகக் கிளம்புகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நகுல முனிவரின் கீரி முகமும் மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகமும் இந்தத் தண்ணீரில் மாறியதென்று அப்பா சொல்வார். இரண்டையும் நம்புகிறதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. முங்கி எழும்பினால் சில்லென்று தலைக்குள் ஏறுகிறது.

நகுலேஸ்வரர் கோயில் ஈழத்தின் ஐந்து ஈஸ்வரங்களில் ஒன்று. போருக்குள், 1990இல் விமானக் குண்டு விழுந்து உடைந்தது, பிறகு திரும்பக் கட்டினார்கள். நாங்களும் அந்த வருஷ ஆனியில்தான் வசாவிளான் இருக்கிற வலிகாமம் வடக்கை விட்டு ஓடினோம். அப்பா கையில் ஒரு ரேடியோ, சைக்கிளில் இரண்டு மூட்டை. ஒரு கிழமையில் திரும்பலாம் என்று மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தார்.

அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக்குள் ரேடியோவுக்குப் பற்றறி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். அது என் வேலை. கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கியது மாதிரிப் போகும். “சுத்தடா, சுத்து! ஊர்ப் பேர் சொல்லுறான்!” என்று அப்பா கத்துவார். பலாலி என்றோ மயிலிட்டி என்றோ ஒரு சொல் கேட்டால் போதும், அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்காது. எத்தனை பேர், எத்தனை குண்டு என்பதெல்லாம் அவர் காதில் ஏறியதாக எனக்கு நினைவில்லை. காஸாவின் கான்யூனிஸ் என்ற பேருக்கும் இப்படி ஒரு கிழவர் எங்கோ ஒரு கூடாரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். பஸ்ஸில் அந்தப் பெடியனின் திரையைப் பார்த்தபோது எனக்கு என் கைதான் வலித்தது.

அக்கா அழைத்தாள். “தர்ப்பணம் முடிஞ்சுதோ? காத்தோட்டிக்காய் கறி வைச்சிருக்கிறன், மத்தியானத்துக்குள்ள வா.” அந்தக் கசப்பை வருஷத்தில் இந்த ஒருநாள்தான் தின்கிறோம். அவள் வீட்டுக்கு நேர்வழி வேறு. ஆனாலும் சுற்றி வளைத்துப் பலாலி வீதியால் வரும் பஸ்ஸில் ஏறினேன்.

அந்த வீதியின் ஒரு துண்டை 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ராணுவத்தின் கையில் இருந்தது. போகலாம், இடையில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. இரண்டு பக்கமும் கம்பி வேலி. அங்கால் அதே செம்மண், அப்பா வெங்காயமும் வாழையும் வைத்த மண். ஒரு கிணற்றுக்கட்டு தெரிந்தது. எங்களுடையதுதானா, பக்கத்து வளவுடையதா என்று பிடிபடுவதற்குள் பற்றை மறைத்துவிட்டது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கொண்டக்டர் தோளில் தட்டினார். “அண்ணை, எங்க இறக்கம்?”

“நிக்கிற இடத்தில இறங்கிறன்,” என்றேன்.