எலுமிச்சைத் தூரில் வடிந்த பிசின்

புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் எலுமிச்சைத் தோப்பில், ஐப்பசி மழை ஓய்ந்த கையோடு, 12 வயது மரமொன்று இலைகளை உதிர்த்துவிட்டு என்றும் இல்லாத அளவுக்குப் பூத்து நின்றது. மகசூல் கூடப்போகிறது என்று மகிழ்ந்திருந்தேன். பிஞ்சுகள் காயாகும் முன்பே மரம் பட்டுப்போயிற்று. தூர் அழுகிய மரம் சாகும் முன் அப்படித்தான் பூத்துக் கொட்டும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

அடுத்து இரண்டு மரங்களில் இலையின் நடுநரம்பு மஞ்சளானது. நுண்ணூட்டக் குறை என்று கடையில் கொடுத்த துத்தநாகக் கரைசலை இருமுறை தெளித்தும் பயனில்லை. பக்கத்துத் தோப்புப் பெரியவர் வந்து பார்த்து, "தண்ணி தூர்லயே நிக்குதே தம்பி, மண்ணை வெலக்கிப் பாத்தீகளா?" என்று கேட்டார். விலக்கினேன். பட்டை வெடித்து, தேன் நிறப் பிசின் துளித்துளியாக உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் உள்ளே பழுப்பாக நசநசத்தது. பைட்டோப்தோரா என்னும் பூசண வகைக் கிருமியின் வித்துகள் நீரில் நீந்திப் பட்டையை அடைபவை. அடிமரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டி அவற்றுக்கு வழி செய்து கொடுத்தவன் நானே.

அழுகிய பட்டையைக் கத்தியால் நல்ல திசு தெரியும்வரை செதுக்கி, செதுக்கியதையெல்லாம் பொறுக்கி எரித்தோம். ஒரு கிலோ மயில்துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளிகளில் ஐந்தைந்து லிட்டர் நீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்கினால் போர்டோ பசை என்னும் பூசணக்கொல்லிப் பூச்சு கிடைக்கும். தீட்டிய இரும்புக் கத்தியை அதில் நனைத்து எடுத்தேன். செம்பு நிறம் படிந்தது. அப்படிப் படிந்தால் பசை மரத்தைச் சுட்டுவிடும் என்பதால், கறை படியாத வரை சுண்ணாம்பு சேர்த்து, அன்றைக்கே இரண்டடி உயரத்துக்குப் பூசினோம். வேர்ப்பகுதியில் மெட்டலாக்சில் என்னும் பூசணக்கொல்லி கலந்த மருந்தை ஊற்றினோம். ஒரு மாதம் கழித்தே தொழுவுரத்தில் பெருக்கிய டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தை இட்டோம். முந்தி இட்டிருந்தால் அந்த நல்ல பூசணத்தையும் மருந்து கெடுத்திருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, பாத்தியை மாற்றியதைத்தான். தூரைச் சுற்றி உள்வரப்பு ஒன்று போட்டு, நீர் வெளிவட்டத்தில் மட்டும் நிற்கும்படி இரட்டை வட்டப் பாத்தி அமைத்தோம்.

ஒரு மரம் தை மாதத்தில் துளிர்த்தது. மற்றதில் அழுகல் பட்டையை முழுவதுமாகச் சுற்றி வந்திருந்ததால், வேரோடு அகற்றிக் குழியை வெயிலில் காயவிட்டோம். இந்தப் புரட்டாசியில், மழை தொடங்கும் முன்பே, தோப்பின் எல்லா மரங்களுக்கும் நீலப் பசை பூசி முடித்தாயிற்று.