கிரீமா, ஆயின்மென்டா? சீட்டில் இருப்பதை மாற்றிக் கேட்காதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்டாக இருப்பவன் நான். கரப்பானுக்கும் அரிப்புக்கும் தோல் டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ட்யூபை வாங்க வருகிறவர்கள் நிறையப் பேர் சீட்டை நீட்டிக்கொண்டே, "மருந்துப் பேரு ஒண்ணுதானே, இது ஒட்டுது, கிரீம் இருந்தா அதையே குடுங்க" என்கிறார்கள். பேர் ஒன்றுதான், அட்டையில் போட்டிருக்கும் சதவீதமும் ஒன்றுதான். ஆனால் தோலுக்குள் இறங்கும் மருந்து ஒரே அளவு இல்லை, அதனால் கிரீமா ஆயின்மென்டா என்பதும் டோஸில் ஒரு பகுதி.

கிரீம் தண்ணீரும் எண்ணெயும் கலந்தது. தேய்த்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், தடவிய தடமே தெரியாது. ஆயின்மென்டில் தண்ணீர் பெரும்பாலும் இருக்காது, பெட்ரோலியம் ஜெல்லிதான் அதற்கு அடிப்படை. சோற்றுப் பானைக்கு மூடி போட்ட மாதிரி அது தோல்மேல் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக முடியாமல் மேல்தோல் ஊறி இளகும், இளகிய தோல் வழியாக மருந்து கூடுதலாக இறங்கும்.

எவ்வளவு கூடுதல் என்று கேட்டால் அதற்கும் கணக்கு இருக்கிறது. ஸ்டீராய்டு பட்ட இடத்தில் ரத்தக்குழாய் சுருங்கித் தோல் வெளிறும். அந்த வெளிறலை வைத்து வீரியத்தை அளக்கும் முறையை 1962-ல் மெக்கென்சி, ஸ்டௌட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கொண்டுவந்தார்கள். அமெரிக்க வகைப்பாட்டில் மொத்தம் 7 படி, 1 என்றால் உச்ச வீரியம். மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டின் 0.1% ஆயின்மென்ட் அதில் 2-ம் படி, அதே 0.1% கிரீம் 4-ம் படி. பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1% ஆயின்மென்ட் 3, கிரீம் 5. எல்லா மருந்துக்கும் இப்படி வித்தியாசம் வராது, குளோபெட்டசால் 0.05% எந்த வடிவத்தில் வாங்கினாலும் முதல் படியிலேயேதான் நிற்கும், அதனால் அதைக் கிரீம்தானே என்று லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, எதை எங்கே போடுவது? நடவு நேரத்தில் கடைக்கு வரும் ஒரு அக்காவின் காலைத்தான் சொல்ல வேண்டும், ஒரே காலில் இரண்டு பாடமும் இருந்தது. கணுக்காலுக்கு மேலே சொறிந்து சொறிந்து தோல் கறுத்து, தடித்து, கோடுகோடாக வரிகள் விழுந்து யானைத்தோல் மாதிரி ஆகியிருந்தது. அதற்கு டாக்டர் எழுதியது ஆயின்மென்ட், சரியான மருந்து. அந்தத் தடிமனைத் தாண்டிக் கிரீம் இறங்குவது கஷ்டம். ஆனால் அதே காலின் விரலிடுக்கில் சேற்றுப்புண், வெள்ளையாக ஊறி, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது.

"அப்படியே கீழயும் தடவிட்டேன் தம்பி, அரிப்பு அடங்குதுல்ல" என்றார்.

"அங்க தடவாதீங்கக்கா, அது வேற" என்று சொல்லி, திரும்ப டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். சேற்றில் நாளெல்லாம் நிற்கும் காலில், ஏற்கெனவே ஊறிப்போன இடுக்கில் ஆயின்மென்டைப் பூசினால் ஈரம் இன்னும் அடைந்துதான் போகும். அது போக, சேற்றுப்புண்ணில் பெரும்பாலும் பூஞ்சையோ பாக்டீரியாவோ இருக்கும், அங்கே ஸ்டீராய்டு தனியாகப் போனால் அரிப்பு மட்டும் அடங்கும், கிருமி பெருகும். நீர் கசியும் இடம், மடிப்பு, இடுக்கு என்றால் பொதுவாகக் கிரீம். வறண்டு, செதில் உதிர்ந்து, தடித்துப்போன இடம் என்றால் ஆயின்மென்ட். தலையில் முடிக்கு நடுவே என்றால் இரண்டும் சரிப்படாது, லோஷன்தான்.

இடத்துக்கு இடம் தோலே வேறு. 1967-ல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை வைத்துச் செய்த ஆய்வில், முன்கையில் இறங்கிய அளவைப்போல நெற்றியில் 6 மடங்கும் விதைப்பையில் 42 மடங்கும் இறங்கியது, உள்ளங்காலிலோ முன்கையில் இறங்கியதில் ஏழில் ஒரு பங்குதான். அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோல் தோலோடு ஒட்டிக்கொண்டு தானாகவே மூடிக்கொள்கிறது, அங்கே கிரீமே கிட்டத்தட்ட ஆயின்மென்ட் வேலையைச் செய்துவிடும். அந்த இடத்தில் வீரியமான ஆயின்மென்டை மாதக்கணக்கில் போட்டு, பிரசவத் தழும்பு மாதிரிக் கோடுகள் விழுந்த இளம் பையன்களைப் பார்க்கிறேன். அந்தக் கோடு மங்கலாம், முழுதாக மறையாது. மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் நம்ம ஊர் வெயில். சித்திரை, வைகாசியில் ராத்திரி கரண்ட் போய், காற்றும் இல்லாமல், உடம்பு முழுக்க ஆயின்மென்ட் பூசிக்கொண்டு படுத்தால் என்ன ஆகும்? வியர்வை அடைபட்டு வேர்க்குரு வரும், முடி அதிகம் உள்ள காலிலும் மார்பிலும் முடிக்கால்களில் கொப்புளம் கிளம்பும். குளிர்நாட்டுப் புத்தகத்தில் "வறண்ட தோலுக்கு ஆயின்மென்ட்" என்று இருப்பதை டெல்டாவின் புழுக்கத்தில் அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது. மார்கழி, தை பனியில் சரிப்பட்டது கோடையில் சரிப்படாமல் போகலாம். சேலையில் ஒட்டுகிறது, அறுப்பு நேரத்தில் தூசியும் பதரும் ஒட்டுகிறது என்று ட்யூபை அலமாரியில் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், தடவாத ஆயின்மென்டைவிடத் தடவுகிற கிரீம் மேல். ஆனால் அதை நீங்களாக மாற்றக் கூடாது, ஒட்டுவது தாங்கவில்லை என்று டாக்டரிடம் சொல்லுங்கள், பகலில் கிரீம், ராத்திரியில் ஆயின்மென்ட் என்றுகூட எழுதித் தருவார்கள்.

கிரீமிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் இருப்பதால் அது கெட்டுப்போகாமல் இருக்க ஏதாவது சேர்த்தாக வேண்டும். சிமென்டில் இருக்கும் குரோமேட் ஒத்துக்கொள்ளாமல் கை வெடித்துப்போன கொத்தனார்கள் கிரீமைத் தடவியதும் தீயாய் எரிகிறது என்பார்கள். வெடிப்பில் பட்டால் எரியத்தான் செய்யும். ஆனால் தடவத் தடவச் சிவப்பு கூடிக்கொண்டே போனால், கிரீமில் சேர்த்திருக்கும் பொருளே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஆயின்மென்டுக்கு மாறியதும் அடங்கிவிடுவதும் உண்டு.

அளவு இரண்டுக்கும் ஒன்றே. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். ஆயின்மென்ட் வழுவழுவென்று பரவும் என்பதால் கண்டபடி அப்ப வேண்டாம். அதன்மேல் பாலித்தீன் கவரைச் சுற்றுவதும், குழந்தைக்கு டயப்பர் கட்டும் இடத்தில் தடவுவதும் டாக்டர் சொல்லாமல் கூடவே கூடாது, வீரியம் பல மடங்கு ஏறிவிடும்.

படர்தாமரைக்கு அடுத்த வீட்டுக்காரர் கொடுத்த ட்யூப் என்று வருகிறவர்களிடம் கிரீமா ஆயின்மென்டா என்ற கேள்விக்கே போக மாட்டேன். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து எல்லாம் ஒன்றாகக் கலந்த ட்யூபைப் போட்டால் சிவப்பு போகும், வட்டத்தின் விளிம்பு கலையும், பூஞ்சை மட்டும் உள்ளுக்குள் பரவிக்கொண்டே இருக்கும். பிறகு டாக்டரே பார்த்தாலும் சட்டென்று அடையாளம் தெரியாது.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. ஆயின்மென்டில் இருக்கும் பாரஃபின் துணியில் ஊறிவிட்டால் அந்தத் துணி சீக்கிரம் தீப்பற்றும், எண்ணெய்ச் சத்துள்ள கிரீமுக்கும் இது பொருந்தும். ராத்திரி தடவிக்கொண்டு படுத்த அதே சேலையோடு விடியற்காலையில் விறகடுப்பு முன்னால் உட்காரும் பெண்களிடம் இதைத் தவறாமல் சொல்கிறேன். துவைத்தாலும் அந்தப் பிசுக்கு முழுதாகப் போகாது, அதனால் படுக்கைக்கென்று ஒரு பழைய பருத்திச் சேலையை ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள், காலையில் அதை மாற்றிவிட்டு அடுப்படிக்குப் போங்கள்.