புல் அவுட்டும் பாக் அவுட்டும்

ஓ.எல் சோதனை எடுக்கிற பிள்ளையளுக்கு இங்கிலீஸில ஒண்டு. ‘புல் அவுட்’ (pull out) எண்டால் பல்லுப் புடுங்கிறதும்தான், யாழ்தேவி ரயில் ஸ்டேசனை விட்டு வெளிக்கிடுறதும்தான். ஆனா பேப்பரில கூடுதலா வாறது விலகிறது எண்ட கருத்தில. எதை விட்டு விலகினது எண்டு சொல்லேக்க பின்னால ‘ஒஃப்’ (of) போடோணும். அரைவாசிப் பேர் அதைத்தான் விடுறவை.

உதாரணத்துக்கு லண்டனுக்குப் போகத் தேவையில்லை. 2008 செப்டெம்பரில அரசாங்கம் சொல்லி ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் சண்டை நடந்த வன்னியை விட்டு வெளிக்கிட்டவை. போகாதேங்கோ எண்டு சனம் கிளிநொச்சியில ஐ.நா. அலுவலக வாசல்ல நிண்டது. அதை எழுதிறதெண்டால் ‘புல்ட் அவுட் ஒஃப் கிளிநொச்சி’.

‘பாக் அவுட்’ (back out) வேறை. அது குடுத்த வாக்கில இருந்து கழருறது. விதைக்கேக்க நெல்லுக்கு விலை பேசிப்போட்டு, வெட்டி மூட்டை கட்டினாப்பிறகு போன் எடுக்காத வியாபாரி செய்யிறது. (பரந்தன் பக்கம் இதுக்கு விளக்கமே தேவைப்படாது.) இதுக்கும் ‘ஒஃப்’தான்.

வகுப்பில ஒரு பிள்ளை கேட்டாள்: “அப்ப 2008இல நடந்தது ரெண்டாவது இல்லையோ ரீச்சர்?” இலக்கணப்படி முதலாவது எண்டன். அவள் ரெண்டையும் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறாள்.