கண்மணி விரிந்தால் அது எந்த உணர்ச்சி?

கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்க்கிறேன். பவர் அளக்கும் ஆட்டோ ரிஃப்ராக்டரில் ஒருவர் முகவாயை வைத்ததும் என் பக்கத்துத் திரையில் அவர் கண் பெரிதாக வந்து நிற்கும். நம் ஊர்க் கண்களின் அடர்ந்த பழுப்பில், எதிரே உட்கார்ந்து பார்த்தால் கருவிழிக்கு நடுவில் உள்ள கண்மணி எங்கே தொடங்குகிறது என்றே சரியாகத் தெரியாது, ஆனால் இந்த இயந்திரம் அகச்சிவப்பு ஒளியில் படம் எடுப்பதால் அந்த வட்டம் சுருங்குவதும் விரிவதும் அப்படியே தெரியும். அது ஒரு நிமிடம்கூட அசையாமல் இருப்பதில்லை.

ஆபரேஷன் என்று பேச்செடுத்தால் விரியும். பேத்தி எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டாலும் விரியும். இரண்டையும் திரையில் மட்டும் பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் எக்ஹார்ட் ஹெஸ், ஜேம்ஸ் போல்ட்டோடு சேர்ந்து 1960இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆர்வமூட்டும் படத்தைப் பார்த்தால் கண்மணி விரிகிறது என்றார். பிடிக்காததைப் பார்த்தால் சுருங்கும் என்றும் பிறகு சொன்னார். முதல் பாதி நின்றது, இரண்டாவது நிற்கவில்லை. 2003இல் பின்லாந்தில் ஒலிகளை வைத்துச் செய்த ஆய்வில், இனிமையான ஒலிக்கும் கொடுமையான ஒலிக்கும், சாதாரண ஒலியைவிடக் கண்மணி அதிகமாக விரிந்தது. மனம் எவ்வளவு கிளர்ந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது, எதனால் என்பதை அல்ல. அதனால்தான் 'கண்மணி விரிந்தால் காதல்', 'விரிந்தால் பொய்' என்று அடித்துச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

உள்ளே நடப்பது இதுதான். கண்மணியைச் சுருக்க ஒரு தசை, விரிக்க ஒரு தசை. பயமோ பரபரப்போ வந்தால் விரிக்கும் தசைக்குப் போகும் நரம்பு வேகம் எடுக்கும், சுருக்கும் தசை தளரும். கண்மணியை விரிக்க நாங்கள் விடும் சொட்டு மருந்தும் இதே இடத்தில்தான் கை வைக்கிறது: ட்ராபிகமைட் சுருக்கும் தசையை வேலை செய்யவிடாது, ஃபினைலெஃப்ரின் விரிக்கும் தசையைத் தூண்டும். பரவசத்துக்கும் பீதிக்கும் தனித்தனித் தசை கிடையாது. அளவும் சிறியது. வெளிச்சத்தால் கண்மணி 2 மில்லிமீட்டரிலிருந்து 8 வரை மாறும், மனசால் வரும் மாற்றம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். வயதானவர்களுக்குக் கண்மணியே சிறிதாகிவிடுவதால் அவர்களிடம் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். ஜன்னல் திரை ஒன்று விலகினாலே போதும், எல்லாம் மாறிவிடும்.

உணர்ச்சியே இல்லாமலும் விரியும். 1964இல் அதே ஹெஸ்ஸும் போல்ட்டும் ஆட்களை மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். 7ஐ 8ஆல் பெருக்கும்போது கொஞ்சம் விரிந்த கண்மணி, 16ஐ 23ஆல் பெருக்கும்போது நன்றாகவே விரிந்தது. விடை சொன்னதும் பழைய அளவுக்குத் திரும்பியது.

அதனால் நான் கேட்டுவிடுவேன். கண்புரைக்காக வந்த ஓர் அம்மாவுக்குத் திரையில் கண்மணி விரிந்தபடியே நின்றது. "பயமா இருக்காம்மா?" என்றேன். "பயமெல்லாம் இல்ல தம்பி, இங்கேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினா கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். அப்புறம் பேச்சு அதைப் பற்றியே போனது: மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கலாகத் தெரியும், துணைக்கு யார் வந்திருக்கிறார்கள், இன்றைக்கே மருந்து விடலாமா அல்லது மகன் கூட வரும் நாளில் வைத்துக்கொள்ளலாமா என்று.