மோட்டார் கொட்டகையில் நாயனம்

2023 அக்டோபர் 24, விஜயதசமி

யாரிடமும் சொல்லாமல் தொடங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். காலையில் அம்மா வீட்டுக்குப் போய் அப்பா காலில் விழுந்து எழுந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்பா, நாயனம் கத்துக்கப் போறேன்."

அப்பா திருநீற்றுச் சம்புடத்தை மூடி அலமாரியில் வைத்தார். "ஒனக்கு என்ன வயசு பாப்பா?"

"முப்பத்தி நாலு."

"சரி. போய் வேற வேலையைப் பாரு."

அவ்வளவுதான். நாற்பது வருஷம் நாயனம், அதாவது நாதஸ்வரம், வாசித்தவர் அந்த ஒரு வரிக்கு மேல் பேசவில்லை. அம்மாதான் வாசல் வரை வந்து, "அண்ணனையே படிக்க வச்சு அனுப்பினது எதுக்குன்னு தெரியாதா ஒனக்கு?" என்றாள். தெரியும். அண்ணன் இந்தத் தடியைத் தொடக்கூடாது என்பதற்காகவே அப்பா கடன் வாங்கி அவனை இன்ஜினியரிங் சேர்த்தார்.

அரசு இசைப்பள்ளியில் சேரலாம் என்றால் 12 வயதிலிருந்து 25 வரைக்கும்தான். எனக்கு அந்த வாசல் எப்போதோ மூடிவிட்டது. ஆகவே சாயங்காலம் வெற்றிலை பாக்கு, பழத்தோடு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். ரத்த உறவு இல்லை, அப்பாவோடு இருபது வருஷம் ஜோடி சேர்ந்து வாசித்தவர். தட்டை வாங்கிக்கொண்டு, "ஒங்கப்பனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். தட்டைத் திருப்பித் தரவில்லை.

2023 நவம்பர் 2

பத்து நாளாகியும் நாயனத்தை இன்னும் கையில் கொடுக்கவில்லை. வாயில் வைத்து ஊதும் முனையான சீவாளி மட்டும்தான். கொறுக்கைத் தட்டையில் செய்த, கட்டைவிரல் அளவுகூட இல்லாத அந்தச் சின்னப் பொருள் என்னைப் படுத்துகிற பாடு! எச்சிலில் ஊறாவிட்டால் சத்தமே வராது, அதிகம் ஊறிவிட்டால் பிளிறும். உதட்டை உள்பக்கம் மடித்துக் கவ்வ வேண்டும், பல் படக்கூடாது. இன்று உதடு உள்ளே கிழிந்துவிட்டது. ராத்திரி ரசம் சாதம் சாப்பிட முடியவில்லை.

என் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர், "வாத்து ஒண்ணு வாங்கியிருக்கோம்னு பக்கத்து வீட்ல சொல்லிடலாமா?" என்றார். மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஹோம்வொர்க் செய்கிறாள். இவர்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு வருத்தமில்லை. மாமியார் மட்டும் என்னிடம் நேரே பேசாமல் சுவரிடம் பேசுகிறார்: "கடையில கணக்கு எழுதுறவன்னு சொல்லித்தான் பொண்ணு எடுத்தோம்."

2023 நவம்பர் 26

பக்கத்து வீடுகளில் இருந்து புகார் வந்துவிட்டது, அதுவும் நியாயமான புகார். நாயனம் நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று செய்யப்பட்ட வாத்தியம். வீணை மாதிரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழக முடியாது.

வீட்டுக்காரருடைய சிநேகிதர் வயலில் ஒரு மோட்டார் கொட்டகை இருக்கிறது. இன்று முதல் அங்கேதான். காலை ஐந்தரைக்கு டிவிஎஸ்ஸில் போய், ஏழு வரை ஊதிவிட்டு வந்து சமையல், அப்புறம் கடை. நாலு புறமும் சம்பா பயிர், கேட்பதற்குக் கொக்குகள் மட்டும்.

ஒரு வேடிக்கை. மோட்டார் ஓடும்போது வரும் ரீங்காரம் ஏறக்குறைய என் சட்ஜத்தோடு, அதாவது ஆதார ஸ்வரமான 'ஸ'வோடு, சேர்கிறது. அந்தக் காலத்தில் சுருதிக்காக ஒத்து ஊத ஒரு ஆள் கூடவே நிற்பார். இப்போது எல்லோரும் சுருதிப் பெட்டி. எனக்கு ஐந்து எச்பி மோட்டார். வோல்டேஜ் இறங்கினால் சுருதியும் இறங்கிவிடும், அதுதான் தொல்லை.

2024 ஜனவரி 28

தை பிறந்ததும் ஊரெல்லாம் முகூர்த்தம். கடை முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மேளக்காரர்களை மேடைக்குப் பக்கவாட்டில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். பார்த்ததும் பழைய கல்யாணம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

எனக்குப் பத்து வயது. சீர்காழிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம், அப்பா கூட்டிக்கொண்டு போனார். முதல் நாள் ராத்திரி ஜானவாசம் முடிந்து தோடி ராகம் எடுத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தவில்காரர் விரலில் கூடு மாட்டியபடியே கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். காந்தார ஸ்வரத்தில் அப்பா நின்றபோது எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. அப்போது ஒரு ஆள் வந்து சுட்டுவிரலை ஆட்டினான். கெட்டிமேளத்துக்கு ஆட்டுவார்களே, அதே மாதிரி. மாப்பிள்ளை வீட்டார் தூங்க வேண்டுமாம். அப்பா அந்தக் காந்தாரத்தோடு நிறுத்தி, சீவாளியைக் கழற்றித் துண்டில் சுற்றினார். மறுநாள் காலை பந்தியில் உட்காரப் போனபோது, "மேளக்காரங்க அப்புறம்" என்று எழுப்பிவிட்டார்கள். என் இலையில் கேசரி வைத்தாகிவிட்டது. அதை எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

அப்பா எனக்கு நாயனம் வேண்டாம் என்பது அந்த இலையை நினைத்துத்தான். எனக்கு மட்டும் அதே கல்யாணத்தில் அந்தக் காந்தாரம்தான் மிச்சம். அவர் என்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. இதற்கு என்ன விலை என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சண்டையில் எப்போதும் தோற்கிறேன்.

2024 மார்ச் 9

ஆரம்பப் பாடமான சரளி வரிசை, மாயாமாளவகௌளை ராகம், மூன்றாம் காலம். தைவதம் இன்னும் கீழே கிடக்கிறது. வேறு ஒன்றும் எழுத இல்லை.

2024 மே 19

பெரியப்பா கடன் கொடுத்த நாயனத்தில் அணசு, அடியில் புனல் மாதிரி விரிந்திருக்கும் பகுதி, ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய இன்று நரசிங்கம்பேட்டைக்குப் போனோம். ஆடுதுறைக்குப் பக்கம்தான், மாயவரத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம். இந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். ஆனால் தெருவில் நடந்தால் அப்படி ஒன்றும் தெரியாது. திண்ணை, பட்டறை, மரத்தூள்.

ஆசாரி மூலையில் சாத்தியிருந்த கறுத்த உத்தரத்தைக் காட்டினார். ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் உதவாது, வெடித்துவிடும். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண், இவற்றைத்தான் வாங்கி அறுக்கிறார்கள். யாரோ நூறு வருஷம் படுத்துத் தூங்கிய கூரை அது. அதைக் கடைந்து, துளைபோட்டு, ஊதிப் பார்த்து, மறுபடி துளையை அரம் வைத்துத் தேய்க்கிறார். மொத்தம் பன்னிரண்டு துளை. விரல் வைப்பது ஏழில்தான். கீழே இருக்கும் ஐந்தும் பிரம்மசுரம். அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைத் திருத்துவார்கள்.

நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாயனம் செய்து கொடுத்த ரங்கநாதன் ஆசாரி இந்த ஊர்க்காரர். முன்பிருந்த திமிரி நாயனம் குட்டை, சுருதி அதிகம். பாரி நீளம், சுருதி தாழ்வு, சத்தத்தில் ஒரு கனம் உண்டு. தாழ்ந்த சுருதியில் சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேசாமல் இருந்ததைப் பிள்ளைக்காகச் சரிசெய்தவர் அவர். மேளக்காரன் சட்டை போடக்கூடாது என்றிருந்த காலத்தில் ஷெர்வானி மாட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தவர் பிள்ளை. அப்பா அவரைப் பார்த்ததில்லை. பிள்ளை 1956இல் போய்விட்டார். ஆனாலும் எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம்தான் மாட்டியிருக்கும்.

கிளம்பும்போது ஆசாரி என்னைப் பார்த்து, "வாசிக்கறது யாரு, தம்பியா?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். "அப்ப கொஞ்சம் ஊதிக் காட்டும்மா, மெழுகு பாத்துடலாம்" என்றார், அவ்வளவு சாதாரணமாக. இந்த ஏழு மாதத்தில் யாரும் இப்படிப் பேசவில்லை.

2024 ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

காவிரியில் தண்ணீர் நன்றாகப் போகிறது. படையல் முடிந்து, தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா பேச்சை எடுத்துவிட்டாள். நான் ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பதில்களையெல்லாம் கொட்டினேன்.

"மதுரை பொன்னுத்தாய் வாசிக்கலையாப்பா?"

"அந்தம்மா சின்ன வயசுல ஆரம்பிச்சது."

"காலீஷாபி? பத்மஸ்ரீ குடுத்தாங்களே 2020ல?"

"புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து வாசிக்கிறாங்க. ஒன் புருஷன் வாசிப்பாரா?"

வீட்டுக்காரர் அவசரமாக அப்பளம் எடுக்க உள்ளே போனார். நான் விடாமல், பரணில் கிடக்கும் அவருடைய நாயனத்தையாவது கொடுங்கள் என்றேன். அப்பா கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "அதை வெறகுன்னு நெனச்சுக்க. நான் அதுல வாசிச்சு வாங்கினது எனக்கு. நீ போய் வாங்க வேணாம்."

என்ன வாங்கினார் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. கேட்டால் அந்தப் பந்தியைச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

2024 செப்டம்பர் 29

மூன்று வாரமாகத் தொடவில்லை. முதலில் மகளுக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு. அதன் பிறகு ஒரு காரணமும் இல்லை. காலையில் ஐந்தரைக்குக் கண் விழித்துப் படுத்தே கிடந்தேன். அப்பா சொல்வது சரியோ என்று ஒருநாள் தோன்றியது. மறுநாளும் தோன்றியது. மாமியார் சுவரிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என்னவோ போலிருந்தது.

இன்று போனேன். உதடு பழையபடி பச்சைப்புண். பெரியப்பா திட்டவில்லை, முதல் வரிசையிலிருந்து தொடங்கச் சொன்னார்.

2024 டிசம்பர் 11

பெரியப்பா ஒரு சின்னச் சிவன் கோயிலில் மார்கழி முழுக்க விடியற்காலை வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்யாணம் இல்லாத மாதம், நாலரைக்கு வர வேண்டும், காசும் குறைவு. வழக்கமாகக் கூட வாசிக்கிறவர் வர மறுத்துவிட்டார். "நீ வந்து நில்லு. நான் பூபாளம் எடுக்கறப்ப சட்ஜத்தைப் புடிச்சுக்க. நீயா ஒண்ணும் பண்ணாத" என்றார். ஒரு வருஷம் பழகியதற்கு ஒரு ஸ்வரம். எனக்கு அது போதும் என்று இருந்தது.

2024 டிசம்பர் 16, மார்கழி 1

குளிரில் நாயனம் சுருதி இறங்கி நிற்கிறது. சீவாளியை வீட்டிலிருந்தே கடைவாயில் அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டினேன். கோயிலில் குருக்கள், தவில்காரர், நாங்கள் இரண்டு பேர், போர்வை போர்த்திய மூன்று பாட்டிகள், ஒரு நாய். பெரியப்பா பூபாள ராகத்தைத் தொட்டார். நான் சட்ஜத்தைப் பிடித்தேன். நடுவில் ஒரு தரம் மூச்சு அறுந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொங்கல் கொடுக்கும்போது ஒரு பாட்டி என் வாத்தியத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் இரண்டு தொன்னை கொடுக்கச் சொன்னாள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. ஊர் சின்னது, சொல்லத் தேவையில்லை.

2024 டிசம்பர் 22

அம்மா வீட்டுக்கு முறுக்கு மாவு கொடுக்கப் போனேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடக்காமலே கேட்டார்.

"மாசத்துக்கு எவ்வளவு பேசினான் ஒங்க பெரியப்பன்?"

"எனக்கு நாலாயிரம்."

"பெட்ரோலு?"

"அதுலயேதான்."

"பொங்கலுக்குத் துணி?"

"கேக்கலைப்பா."

அப்பா பேப்பரை இறக்கினார். வருஷக்கணக்கில் கோயில் தர்மகர்த்தாக்களோடு பேரம் பேசிய முகம் அது. "மார்கழிக்கு ஒத்துக்கறப்பவே துணி பேசணும். ஆம்பளைக்கு வேட்டி துண்டு. ஒனக்குன்னா பொடவை. பேசாம போய் நின்னா அவன் குடுப்பானா?"

"இனிமே கேக்க முடியாதா?"

"தை ஒண்ணுக்குள்ள கேளு" என்று மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

நாளைக்குப் பெரியப்பாவிடம் புடவையைப் பற்றிப் பேச வேண்டும்.