66,000 ரூபாய்க்கு என்ன வாங்கினேன்

போன வாரம் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சித்தி பையன் போனை நீட்டினான். பிசிஏ முடித்து நாலு மாசம் ஆகிறது. திரையில் ஒரு விளம்பரம்: ஆறே மாதத்தில் ஃபுல் ஸ்டேக் டெவலப்பர் (வெப்சைட்டின் திரைப் பக்கம், பின்னணி இரண்டையும் எழுதுபவர்), நூறு சதவீத பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ். "சேரலாமாண்ணா?" என்றான். அங்கே பாதிதான் சொல்ல முடிந்தது, அதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது. மீதி இங்கே.

நானும் இப்படி ஒரு கோடிங் வகுப்பில் சேர்ந்தவன்தான். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, கடலூரிலிருந்து தினமும் பாண்டிக்குப் பஸ் ஏறி, முருங்கப்பாக்கத்தில் டிராஃபிக்கில் நின்று நின்று போய் ஆறு மாசம் படித்தேன். கட்டணம் 66,000. அம்மாவின் சீட்டுப் பணம் வர நாளாகும் என்றதும், "கையில காசே வேணாம் தம்பி, ஈஎம்ஐ போட்டுக்கலாம்" என்றார் அங்கே ஆள் சேர்க்கும் கவுன்சிலர். ஆதார், பான், ஒரு ஓடிபி. மாசம் 5,500, பன்னிரண்டு மாசம், வட்டி இல்லை. எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்தேன். கடன் கொடுத்தது அவர்கள் இல்லை, ஏதோ ஒரு பைனான்ஸ் கம்பெனி என்பது மூன்றாம் மாதம்தான் உறைத்தது. ட்ரெய்னர் வேறு வேலைக்குப் போய்விட்டார், இரண்டு வாரம் வகுப்பே இல்லை, ஆனால் 5-ம் தேதி ஆனால் அக்கவுண்டிலிருந்து பணம் மட்டும் போய்விடும். படிப்பு ஒத்துவரவில்லை என்று பாதியில் நின்ற பையனும் சிபில் அடிபடும் என்ற பயத்தில் கடைசித் தவணை வரை கட்டினான்.

அப்புறம் அந்த 'அசிஸ்டன்ஸ்'. வேலை வாங்கித் தருவதாக எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. இன்டர்வியூவுக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. சில மாதத்தில் கோடிங் சொல்லித்தரும் இந்த மாதிரி வகுப்புக்கு அங்கே பூட்கேம்ப் என்று பெயர். அந்த மோகம் கிளம்பிய அமெரிக்காவில், 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டெவ் பூட்கேம்ப் 2017-லேயே மூடிவிட்டது. வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்று பெரிதாகப் பேசப்பட்ட லாம்ப்டா ஸ்கூல், பிறகு ப்ளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம் செய்தார்கள், உள்ளுக்குள் அவர்கள் கணக்கே 50 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது என்று சொல்லி 2024-ல் அங்குள்ள நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. அந்தப் 'பங்கு'ம் கடன்தான் என்றது. படித்ததும் எனக்கு எங்கள் கவுன்சிலர் ஞாபகம்தான் வந்தது.

சரி, ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லையா? எங்கள் பேட்ச்சில் 22 பேர். எழுதிய கோடைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் 22 பேர் பக்கத்திலும் ஒரே சினிமா ஆப், ட்ரெய்னர் ஒரு பட்டனில் விட்ட எழுத்துப்பிழை உட்பட. அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு இன்டர்வியூ போனேன். ஒரு வரிசையில் திரும்பத் திரும்ப வரும் எண்களை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் வைக்கச் சொன்னார் இன்டர்வியூ எடுத்தவர். மனப்பாடமாக இருந்தது, ஜாவாஸ்கிரிப்டில் ஃபில்டர் (வேண்டியதை மட்டும் சலித்தெடுப்பது) போட்டு உள்ளே இண்டெக்ஸ்ஆஃப் வைத்து ஒரே வரியில் எழுதினேன். அவர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. இந்த இண்டெக்ஸ்ஆஃப் இங்க எதுக்கு?" என்றார். ஏசி ரூமில் வியர்த்தது. திரும்பும்போது ஈசிஆர் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம் 4, 7, 4 என்று எழுதி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அது ஒரு எண் முதன்முதலில் வரும் இடத்தைத்தான் சொல்லும், இரண்டாவது 4 நிற்பது வேறு இடம், அதனால் கழிந்துவிடுகிறது. மரக்காணம் உப்பளம் தாண்டும்போது புரிந்தது. ஆறு மாச வகுப்பில் அப்படி ஒரு பத்து நிமிஷம் நான் உட்கார்ந்ததே இல்லை.

வகுப்பு எனக்குக் கொடுத்தது காலை ஒன்பதரைக்கு ஓர் இடத்தில் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம். கூடவே கேலி செய்யாமல் சந்தேகம் தீர்க்கும் இரண்டு நண்பர்கள். வீட்டில் இருந்திருந்தால் தூங்கியிருப்பேன், அதனால் அதைச் சும்மா என்று சொல்ல மாட்டேன். ஆனால் 66,000 அதிகம். முடித்த பிறகு ஏழு மாசம் அலைந்து, பாண்டியில் ஒரு சின்ன கம்பெனியில் சப்போர்ட் வேலைக்குத்தான் சேர்ந்தேன். கோட் பக்கம் வர இன்னொரு வருஷம் ஆனது.

பாடத்துக்குப் பணமே வேண்டாம். ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற ஆன்லைன் பாடம், ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளம் இரண்டும் இலவசம். ஆள் துணை வேண்டுமென்றால் பக்கத்திலேயே விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் (இலவசமாகக் கிடைக்கும் ஒரு கம்ப்யூட்டர் இயங்குதளம்) பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறது. ஒரு மாசம் இதில் உட்கார முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறமும் ஒரு வாத்தியார் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் சேரலாம். ஆனால் கடனில் வேண்டாம். சேர்வதற்கு முன் போன பேட்ச்சில் படித்த நாலு பேரை, அவர்கள் காட்டும் ஆட்களாக இல்லாமல், நாமாகத் தேடிப் பிடித்துப் பேச வேண்டும்.

இதில் பாதியை அவனிடம் சொல்லி, முதலில் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கால்குலேட்டர் எழுதிக் காட்டு என்று அனுப்பினேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ்: "அண்ணா, ஒண்ண பூஜ்யத்தால வகுத்தா எரர் வரல, இன்ஃபினிட்டினு வருது. ஏன்?"

மைனஸ் ஒன்றை வகுத்துப் பாருடா என்று போட்டிருக்கிறேன்.